கட்டை எடுத்த நேரம்

எதிர்வீட்டில் மஞ்சள் நீராட்டு, நாலு பெட்டி ஸ்பீக்கர்.
அதனால் என் நேர்முகத் தேர்வு
எண்ணூர் விரைவுச் சாலையில்,
அண்ணன் தணிகாசலத்தின் டிரெய்லர் கேபினில் நடந்தது.
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை,
தோளில் பயிற்சிப் பள்ளியில் வாங்கிய இரண்டு பட்டை,
கேமராவுக்குக் கீழே பூப்போட்ட நைட் பேண்ட்.
நாம நூத்தி நாப்பதாவது வண்டி என்றான்.
யார் எண்ணினார்கள் என்று கேட்கவில்லை.

அவருக்குக் காலை பத்து, எனக்கு மதியம் இரண்டரை.
அவர் ஜன்னலில் இன்னும் விடியவில்லை.
ஜனவரியில் அப்படித்தான் என்றார்
மன்னிப்புக் கேட்பது போல.
ஸ்வேரே. வடக்கு நார்வே. தலைமை விமானி,
ஆள் எடுப்பதும் அவரே,
ஆள் வராத அன்று பனி தள்ளும் வண்டியும் அவரே.
மொத்தம் ஆறு விமானம். எல்லாமே புரொப்பெல்லர்.
என்னை அன்யுகம் என்றார்.
அவர்கள் எழுத்தில் ஜ-வுக்கு ய.
அஞ்சுகம் என்றேன்.
அன்யுகம் என்றார், இன்னும் கவனமாக.
விட்டுவிட்டேன்.

பறந்த மணி?
இருநூற்றுப் பன்னிரண்டு.
கடைசியாக?
பதினான்கு மாதம் முன்பு.
இப்போது?
கண்டெய்னர் கிடங்கில் சீல் நம்பர் சரிபார்க்கிறேன் என்பதை
ஆங்கிலத்தில் கொஞ்சம் உயரத்திலிருந்து சொன்னேன்.

எங்கள் ஓடுபாதை எண்ணூறு மீட்டர்தான்,
ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்,
குறுக்குக் காற்று, பயமில்லையே?
எட்டிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் கடல், கொட்டி வைத்த கருங்கல்.
ஒரு பக்கம் மூன்றடுக்குப் பெட்டிகள்.
நடுவே தண்ணீர் லாரிக்கும் எங்களுக்கும் இருந்த முழ இடைவெளியில்
பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒருத்தி
ஸ்கூட்டியில் புகுந்து போனாள்.
பழக்கம்தான் என்றேன்.

பிறகு அவர் கண்ணைத் தூக்காமல் படித்தார்.
விமான ரகத்துக்கான பயிற்சி என் செலவு,
இருபத்தெட்டாயிரம் யூரோ.
மூன்று வருடம் விட்டுப் போகக் கூடாது.
நான் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரி;
இன்னொரு நாட்டு ஏஜென்சிக்கு நானே பில் போட வேண்டும்.
நாலு பேருக்கு ஒரு சமையலறை.
சம்பளம் மணிக்கணக்கு:
சக்கரத்துக் கட்டையை எடுத்தால் ஓடும்,
வைத்தால் நிற்கும்.
இறக்கையில் பனி உருக்கும் நேரம்,
மூடுபனி விலகட்டும் என்று உட்கார்ந்திருக்கும் நேரம்,
'அதெல்லாம் உங்களுடைய நேரம்.'

தணிகாவுக்கு ஆங்கிலம் வராது.
'இன்னா சொல்றான்?'
மியூட் போட்டுவிட்டுச் சொன்னேன்.
கட்டை வரை வந்ததும்
வேர்க்கடலை மெல்வதை நிறுத்தினான்.
நேற்று ராத்திரி பதினொன்றுக்கு
இந்த டயருக்கு அவன் ஒரு கட்டை வைத்தான்.
அவனுக்கும் ட்ரிப்புக்குத்தான் துட்டு.

'வெய்ட்டிங்குக்கு உண்டான்னு கேளு.'
'இல்லன்னு சொல்லிட்டாருண்ணா.'
'அவன் சொன்னான். நீ கேக்கல.'

கேட்டேன்.

ஸ்வேரே நிமிர்ந்தார்.
பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை என்றார்.
தனக்கும் கிடையாது என்றார், குரலை இறக்கி,
அந்த அறையில் வேறு யாரோ இருப்பது போல.

முன்வண்டி உஸ்ஸென்று பிரேக் விட்டது.
தணிகா குதித்தான், கட்டையை உதைத்தான், ஏறினான்.
இடம் விட்டால் போச்சு.
என் தலைக்குப் பின்னால் கடல் நகர்ந்திருக்க வேண்டும்.
'பறக்கிறீர்களா?' என்றார் ஸ்வேரே.
நகர்கிறோம் என்றேன்.

நாலு வண்டி நீளம். நின்றது.
வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

கட்டை பின்னாலேயே கிடந்தது.
பட்டையும் சட்டையுமாக நானே இறங்கி நடந்தேன்.
மூன்றாவது வண்டி டிரைவர் பீடியை மறைத்து,
காக்கிச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டு கேட்டார்:
'எப்ப மேடம் கேட்ட தொறப்பீங்க?'

கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வியாழக்கிழமை என்றேன்.