ஒட்டாத பொருள்

ஸ்டேஷன் தரையில் சிவப்புக் கோடு ஒன்று
போன மாதம்தான் போட்டார்கள்.
அந்தப் பக்கம் பூட்ஸ்,
இந்தப் பக்கம் காபி.
கோரி பென்ஹாலிகன் இன்னும் மறந்துபோய்த் தாண்டிவிடுகிறான்.
முப்பது வருஷக் கால்கள்.

தொண்ணூற்று எட்டில் கோடு கிடையாது.
லான்செஸ்டன் மைதானத்தில் குடும்ப விழா.
குழாயைத் திருப்பினோம்,
முழங்கால் அளவு நுரை.
பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள்.
மிச்சத்தில் நான் காரைக் கழுவினேன்.
சோப்பு மாதிரிதான் என்றார்கள்.

அங்கியின் மேல் தண்ணீர் தெளித்துக் காட்டுவோம்.
தாமரை இலை தோற்கும்,
முத்து முத்தாய் உருண்டோடும்.
எண்ணெயும் ஒட்டாது, பெட்ரோலும் ஒட்டாது.
எதிலும் ஒட்டாத அந்தப் பொருள்
என் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது.

பரிசோதனைத் தாளில் ஓர் எண்.
டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
லேசில் மக்காது, லேசில் எரியாது என்றார்.
காரின் பின்சீட்டில்
என் அங்கியைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்
தூங்குவாள் டெசா, சின்னவளாக இருந்தபோது.
புகை வாசம் பிடிக்கும் என்பாள்.
டாக்டரிடம் இதை நான் சொல்லவில்லை.

வியாழன் இரவு, மெத்தைக் கிடங்கு.
ஜூலைக் குளிர்.
அணைத்துவிட்டு லாரியேறப் போனவளை
மறித்து நிறுத்தினாள் ஐமீ ஃபரூஜியா,
வேலைக்கு வந்து நாலு மாதம்.
முகமூடியைக் கழற்றாதே. கையைத் தூக்கு.
அக்குள், காலர், முழங்கால் மடிப்பு,
குதிரையைத் தேய்ப்பதுபோல் பிரஷ்ஷால் தேய்த்தாள்.
கரித்தண்ணீர் காலடியில் ஓடிற்று.
பல் கிடுகிடுக்கத் திட்டினேன்.
"திட்டிக்கொண்டே திரும்பு" என்றாள்.

அங்கி பைக்குள், பை வெளிப் பெட்டிக்குள்.
ஒரு மணி நேரத்துக்குள் குளியல்.
நுரைகூடப் புதிது இப்போது.
பழைய பீப்பாய்களைப் பூட்டி வைத்திருக்கிறோம்,
எப்படி எரிப்பதென்று
தீயணைப்புக்காரர்களுக்கே தெரியாமல்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை
நாற்காலியில் சாய்ந்து கை நீட்டுகிறேன்.
இயந்திரம் சிவப்பைத் திருப்பித் தருகிறது,
மஞ்சளை வைத்துக்கொள்கிறது,
தண்ணீர் கலந்த பியர் நிறத்தில்.
எண் இறங்கியிருக்கிறது.
கொஞ்சம்தான்.
பக்கத்தில் கோரி.
கூரை இடிந்தபோது அசையாமல் நின்றவன்
ஊசிக்குக் கண்ணை இறுக மூடியிருக்கிறான்.

நேற்று போனில் டெசா.
ஐந்தாம் மாதம் அவளுக்கு.
நானும் ரத்தம் பார்த்துக்கொள்ளவா அம்மா, என்றாள்
சாதாரணமாக,
கடைக்குப் போகவா என்பதுபோல்.

ஸ்டேஷனில்தான் நின்றிருந்தேன்.
பதில் சொல்லுமுன் குனிந்து பார்த்தேன்,
கோட்டுக்கு எந்தப் பக்கம் என் கால் என்று.