இடது கன்னம்

லிங்கராஜபுரத்தில் ஏப்ரல் மழை
வருவதற்கு முன்பே கரண்ட் போய்விடும்.
மேஜைக்கடியில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது,
பசித்த கோழிக்குஞ்சு மாதிரி.

திரையில் யாரோ ஒரு மணப்பெண்.
வலது கன்னத்துப் பருக்களை அழித்தாயிற்று.
இடது கன்னம் அப்படியே.
சேமித்தேன். நம்பாமல் மறுபடி சேமித்தேன்.
இந்த பேட்டரி ஏழு நிமிடம் என்று சொல்லி
நான்கில் சாகும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.
மோடம் வயரையும்:
போன வருஷம் இடி
அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

"நிம் மனேலூ ஹோய்தா?"
கீழ்வீட்டு மஞ்சுளா இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.
"ஹோய்து."

ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தது.
வந்த வேகத்தில்
பல்பு வெள்ளையாய்ப் பழுத்தது.
மஞ்சுளாவின் டிவி,
மாடிவீட்டு ஃப்ரிட்ஜ்.
சுவரில் நான் கழற்ற மறந்த ஸ்பைக் பஸ்டர்
தன் சிவப்பு விளக்கை மூடிக்கொண்டது.
கருகிய வாடை.
அறுநூற்றைம்பது ரூபாய்,
ஒரு சத்தமும் போடவில்லை.

காலையில் புதியதை மாட்டித் திறந்தேன்.
இருந்தாள்.
பாதி அவளாக, பாதி ஆல்பமாக.
அந்தக் கன்னத்தை விட்டுவிடலாமா என்று
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோ எட்வின் ஒப்புக்கொள்ள மாட்டார்.
அழித்தேன்.
சேமித்தேன்.