ஒரு வினைச்சொல்லின் மேல்முறையீடு

நீதிபதி இத்ரீஸ் அத்தோம்
விசாரணை தொடங்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
துடைத்து முடிப்பதற்குள்
காவலர்கள் விலங்கைக் கழற்றிவிட வேண்டும்.
அப்படியொரு சட்டம் இல்லை.
ராஸ் அல் கைமாவில்
பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது.

நான் அவருக்கு இடப்பக்கம், மரத்தடுப்புக்குக் கீழே.
காயல்பட்டினத்து மதரஸாவில் படித்த இலக்கணம்
எனக்குச் சோறு போட்டது:
செக் திரும்பிய மளிகைக்காரர்,
சாராயத்தோடு சிக்கிய சிமென்ட் ஆலைப் பையன்,
எல்லோரும் என் வாய் வழியாகத்தான் அழுதார்கள்.

அவர் பிறந்தது அத்பரா.
ரயில் பணிமனைச் சங்குக்கு எழுந்து அதற்கே உறங்கும் ஊர்.
முப்பத்தாறு வயதில் மாவட்ட நீதிபதி.
ஒரு காலை, ராணுவ இசை ஓய்ந்ததும்
வானொலி நீக்கப்பட்டவர்களின் பெயர்களை
அகரவரிசையில் வாசித்தது.
“அலிஃபில் தொடங்கும் பெயர் பார், காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது”
என்பார்.
போர்ட் சூடானில் கப்பலேறும்போது
மூன்று சட்டை,
பழைய தீர்ப்புகளின் கார்பன் நகல்கள்.

இங்கே வருடாந்திர ஒப்பந்தம்.
அடுத்தவர் ஆயுளை எழுதும் கை
டிசம்பர் வந்தால்
தன் விசாத் தாளைத் தடவிப் பார்க்கும்.

நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.
தாமதமாக வரும் வக்கீல்களை நிற்கவைத்தே அவமானப்படுத்துவார்.
தன் கையெழுத்தின் மேல் அவருக்குக் கர்வம்.
ஒருமுறை, கத்தி இருந்தது, சாட்சி இருந்தது,
ஒப்புதலும் இருந்தது.
அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை.
விலங்கோடு நின்றவனுக்கு
நான் தமிழில் சொன்னேன், மரணம் என்று.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பிறகு பாக்கியமேரி, வேம்பார்க்காரி.
பதினாலு மாத வேலைக்கு ஆறு மாதச் சம்பளம்.
கீழ்க்கோர்ட்டுத் தாளில் ஒரே சொல்:
ஹரபத். ஓடிப்போனாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.
“அவள் சொன்ன சொல் எது? உன் மொழியிலேயே சொல்.”
“வந்துட்டேன்.”
“பொருள்?”
“வந்துவிட்டேன், ஐயா.”
“எங்கே?”
கேட்டேன்.
இதையெல்லாமா கேட்பார்கள் என்று பார்த்தாள்.
“இங்கதான். கோர்ட்டுக்கு.
சம்பளம் கேக்கணும்னு வழி விசாரிச்சு வந்துட்டேன்.
வாசல்லயே புடிச்சுட்டாங்க.”

எங்கள் மொழியில் ‘ஓடிப்போனாள்’ என்றால்
பின்னால் ஓர் ஆணும் மோட்டார் சைக்கிளும் நிற்கும்
என்று கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டேன்.
மொழிபெயர்ப்பாளன் சொல்லக்கூடாதது.
வலப்பக்கத்து எகிப்திய நீதிபதி இருமினார்.
இத்ரீஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

ஏழு வரித் தீர்ப்பு:
நீதிமன்ற வாசலில் பிடிபட்டவள்
நீதிக்குத் தப்பி ஓடியவள் ஆகாள்.
வினைச்சொல் ரத்து.
எட்டு மாதச் சம்பளம், பாஸ்போர்ட், ஒரு டிக்கெட்.

உச்ச அமர்வு அதைத் திருப்பிப் போட்டது.
சட்டப்படி அவள் மறுபடி ஓடிப்போனவள்.
ஆனால் அப்போது அவள் வேம்பாரில்
கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.
வயது என்றார்கள்.
அவருக்குத் திரும்ப ஊரில்லை, அங்கே சண்டை.
கெய்ரோவில் மகள் வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.

கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியோடு நின்று கேட்டார்:
“விடைபெறும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?”
“வரேன் என்போம்.”
“போகும்போதா?”
“போகும்போதுதான்.”
நெற்றியைச் சுருக்கினார்.
“இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா?
இன்னொரு பத்தி எழுதியிருப்பேனே.”

நிசான் கிளம்பவில்லை. பேட்டரி.
நானும் வாசல் காவலரும் தள்ளினோம்.
உப்புக்காற்றில் பின்கண்ணாடி மங்கியிருந்தது.
யாரும் துடைக்கவில்லை.