ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள்

ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் ஆள் வருவாராம்.
சனிக்கிழமையின் நான்கு மணி நேரத்தை
அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டோம்.
காவல் கூண்டில் பெயர்,
நிர்வாக அலுவலகத்தில் படிவம், முன்பணம்.
துளை போடுவதென்றால் ஒரு மணியோடு சரி,
ஞாயிறு கூடவே கூடாது,
வெடிகுண்டு அறைச் சுவரில் எந்த நாளும் கூடாது,
ஷெர்லின் மூன்று முறை சொன்னார்,
நான் ஏதோ துளை போடவே
பாசிர் ரிஸ்ஸுக்கு வீடு மாறி வந்தவன் போல.

இழை வந்து முடிகிற இடம்
அந்த அறைக்குள்தான் இருக்கிறது.
போர் வந்தால் நாங்கள் மூவரும் ஒளிய வேண்டிய இடம்.
இப்போதைக்கு ஒளிந்திருப்பவை:
பத்துக் கிலோ பொன்னி,
மடக்கு ஏணி,
ஒரு கோல்ஃப் மட்டை (யாருடையது?),
ஏழு வாரமாய்ப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.
எல்லாவற்றின் மேலும் மேகலாவின் கையெழுத்தில்
ஒரே சொல்: பிறகு.

ஒவ்வொன்றாய் வெளியே இழுத்தோம்.
கூடத்தில் நடக்க வழியில்லை.
நிவேதன் தன் அறை வாசலில் நின்று
கைபேசியை உயர்த்திப் பிடித்து
அக்கம்பக்கத்து வலைகளை வாசித்துக்கொண்டிருந்தான்.
எட்டுத் தெரிகின்றன அப்பா, எட்டிலும் பூட்டு.
ஒருவர் தன்னுடையதற்கு
'கேட்காதீர்கள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்.
ஏழு வாரமாய் நாங்களும் கேட்கவில்லை.

டிவி எந்தச் சுவரில் என்பதில்தான் சண்டை.
பழைய வீட்டுக்காரர் மாட்டிய சுவரில்
நான்கு துளைகள், என் தலைக்கும் மேலே.
இவ்வளவு உயரத்திலா மாட்டுவார்கள்,
கழுத்து வலிக்காதா என்று
குடிவந்த நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிளக் எங்கே என்று தேடி
இன்றைக்குத் தரையில் மல்லாந்தேன்.
நிமிர்ந்து பார்த்தால்
அந்த நான்கு துளையும் நேர் எதிரே.
கழுத்து வலிக்கவில்லை.
விரலுக்குப் பட்டது
மரத்தரையில் ஒரு சின்னக் குழிவு.
அங்கே ஒன்று. அதோ ஒன்று. நான்கு.
சக்கரம் வைத்த கட்டிலின் கால்கள்
நகராமலே நின்று நின்று
அழுத்தியவை.

"என்னங்க, விழுந்துட்டீங்களா?"
இல்லை என்றேன்.
வந்து பார் என்றேன்.
பெட்டிகளைத் தாண்டி வந்து
பக்கத்தில் படுத்தாள்.
ஒன்றும் ஓடாத அந்தச் சுவரை
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
விற்றவர் சொல்லவில்லை.
விலையைத் தவிர
நாங்களும் எதையும் கேட்டிருக்கவில்லை.

ஹைக்கல் வந்தபோது பன்னிரண்டு ஐம்பது.
கீழே லிஃப்ட் தாமதம் அங்கிள், மன்னிக்கணும்.
முடி தடிமனில் கண்ணாடி.
அதைக் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் பிடித்து
பச்சை விளக்கு எரியும்வரை மூச்சுவிடவில்லை.
எரிந்தது.
டிவியை அந்தத் துளையிலேயே மாட்டலாமே,
வேலை மிச்சம் என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மேகலா சொன்னாள்: வேண்டாம், கீழே.
கீழே என்றால் புதுத்துளை.
மணி ஒன்று மூன்று.
ஹைக்கல் துரப்பணத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஷெர்லினுக்குப் பயந்து உறைக்குள் போட்டார்.

அதனால் ஐம்பத்தைந்து அங்குல டிவி
இரண்டு அட்டைப்பெட்டிகளின் மேல்
'பிறகு' என்ற எழுத்து தெரிய
சற்றே சாய்ந்து நிற்கிறது.
துளைகளை அடைக்கப் பூச்சு வாங்கவேண்டும்.
வாங்குவோம்.

இன்னொன்றும் இருக்கிறது.
அந்த இரும்புக் கதவைச் சாத்தினால்
வீட்டில் எல்லாம் நின்றுவிடுகிறது.
படம் நடுவில் உறைகிறது,
நிவேதன் உள்ளிருந்து கத்துகிறான்.
குண்டுக்கென்று கட்டிய சுவர்
இதையும் விடாதாம்.
அதனால் இரவு பகலாய்
அந்தக் கனத்த கதவைச் சாத்தவிடாமல்
இடையில் கிடக்கிறது
மேகலாவின் அறுந்துபோன ஒற்றைச் செருப்பு.