பின்வரிசையில் சத்தம்

டொங்காட் நகர மண்டபத்தில்
அன்று நாற்காலி போதவில்லை.
கரும்பை எரித்து வெட்டலாமா, கூடாதா
என்பதுதான் பேச்சு.
குறிப்பெழுத நான்.

லோசினி படையாச்சி முதலில் எழுந்து
மகனின் பள்ளிச் சட்டையை விரித்துக் காட்டினார்.
ஒரு மணி நேரம் கொடியில் கிடந்ததாம்.
தோளெல்லாம் கரித்துகள்,
தட்டினால் கோடு இழுக்கும்.
"கைதட்டல்" என்று எழுதினேன்.

தயாநிதி ரெட்டி
இன்ஹேலரை மேசைமேல் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்.
"தடைக்கு வலுவான ஆதரவு."
மனுவில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
ஒன்று என்னுடையது.
குறிப்பெழுதுகிறவள் போடக் கூடாது.
எனக்கும் கொடி இருக்கிறது, போட்டேன்.

அப்புறம் கடைசி வரிசை எழுந்தது.
வெட்டுகிறவர்கள்,
வேலை முடிந்த கோலத்தோடு வந்தவர்கள்.
வுசுமுஸி என்பவன் ஸூலுவில் பேசினான்.
மொழிபெயர்ப்பாளர் விடுப்பில்.
சட்டைக் கையைச் சுருட்டி
பச்சைச் சோகை கிழித்த கோடுகளைக் காட்டினான்.
இன்னொருவன் கால்சட்டையைத் தூக்கினான்:
கணுக்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி.
இன்யோகா என்றான்.
சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கே எனக்கு ஸூலு,
ஆனாலும் அந்தச் சொல் தெரியும்.
பாம்பு.

கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
"பின்வரிசையில் சத்தம்."

மூன்று மாதத்தில் விதி வந்தது.
தடையும் இல்லை, தாராளமும் இல்லை.
"ஊரை நோக்கிக் காற்று வீசாத நாட்களில் எரிக்கலாம்.
மற்ற நாட்களில் பச்சையாக வெட்ட வேண்டும்."
கூட்டத்துக்கே வராத ஆலைக்காரர்
எங்கோ, யார் காதிலோ போட்டது முதல் வரி.
இரண்டாவது எங்கள் கையெழுத்து.
எடைக்குத்தான் கூலி;
சோகை உரிக்கிற நேரத்துக்கு யார் தருவது?
விதியில் தேடினேன், ஒரு சொல்லும் இல்லை.
சத்தத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்?

இப்போதெல்லாம்
தோட்டத்துப் பக்கமிருந்து காற்றடிக்கிற நாளில்
கொடியில் சட்டைகள் வெள்ளை வெளேரென்று
கையைத் தூக்கித் தூக்கி ஆடுகின்றன.
பச்சைக்குள் இறங்கியிருப்பார்கள் என்று தெரிந்துவிடும்.
துணியை மடிக்கப் போவேன்,
மடிக்காமல் வருவேன்.

வியாழக்கிழமை மறுபரிசீலனைக் கூட்டம்.
மொழிபெயர்ப்பாளருக்கு நானே போன் போட்டேன்.
"வருகிறேன்.
எந்தப் பக்கம் கூப்பிடுகிறது?" என்றார்.