மீதிக் கரடிகள்

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில்,
கிரீனோக் கடைத்தெருவில் ஜெல்லிக் கரடிகள் வாங்குகிறேன்,
பள்ளிக் கணக்கில்.
ரசீதில் மிட்டாய் என்று வரும்.
அலுவலகத்து ஷீனா புருவத்தை உயர்த்துவாள்.
வினைபொருள் என்று திருத்திக் கொடுப்பேன்.

நான் ஆசிரியை இல்லை. கண்ணாடி கழுவுகிறவள்.
வெள்ளை உப்பை அளந்து குழாயில் இடுவதும்
மணல் வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் பாடு.
எரிந்தால் கைதட்டல் லெய்ட்லாவுக்கு.
எரியாவிட்டால் பார்வை என் பக்கம்.

இன்று முதலில் எரியவில்லை.
உப்பு உருகித் தண்ணீராய்த் தெளிந்திருந்தது.
இடுக்கியில் போன சிவப்புக் கரடி
குழாயின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது,
குளிருக்குப் பயந்து நீச்சல்குளப் படியில் நிற்கும் பிள்ளை மாதிரி.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
சிரித்து முடிப்பதற்குள் அதற்குக் கால் வழுக்கியது.

ஊதா. அப்புறம் கண் கூசும் வெள்ளை.
குழாய் முழுக்க ஓர் ஊளை,
கெட்டில் விசிலும் பூனைச் சண்டையும் கலந்தாற்போல.
ஒன்பது நொடி. எண்ணினேன்.
தடுப்புக் கண்ணாடியில் இருபத்தாறு முகங்கள் பற்றி அணைந்தன.

"நீங்கள் தின்றாலும் இதேதான் நடக்கும்," என்றார் லெய்ட்லா,
"இவ்வளவு அவசரமில்லாமல்."
பாதிப் பேர் அதற்குள் பையை மாட்டிவிட்டார்கள்.

பொட்டலத்தில் ஐம்பது. ஐந்து வகுப்பு, ஐந்து கரடி.
சாயங்காலம் பொட்டலம் தட்டையாகக் கிடக்கிறது,
தின்னக் கூடாது என்று நான் ஒட்டிய சீட்டோடு.
யாரென்று தெரியும். டூகல் பெட்ரி.
மேசை துடைக்கத் தானாக வருகிறவன்,
காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவன்.
சொல்ல வேண்டும்.
சொன்னால் மூன்று படிவம்.

ஜன்னலில் மழை, கிளைடு ஆற்றிலிருந்து படுக்கைவாட்டில்.
கோட்டுப் பொத்தான் போடாமல் மேட்டில் ஏறுகிறான்.
வாயிலிருந்து ஆவி.
நாற்பத்தைந்து கரடிகள் அவனுக்குள்
ஊளையில்லாமல், ஊதாவில்லாமல்,
முப்பத்தேழு டிகிரியில்
எரிந்துகொண்டு போகின்றன.

இருப்பேட்டில் எழுதினேன்:
வாங்கியது ஐம்பது.
விரைவாக எரிந்தது ஐந்து.
மெதுவாக, நாற்பத்தைந்து.
மீதி இல்லை.

நாளைக்கு இன்னொரு பொட்டலம் வாங்க வேண்டும்.
சோதனைக்கூடத்துக்கு வெளியே வைக்க வேண்டும், சீட்டு இல்லாமல்.
ரேடியேட்டர் மேல் வேண்டாம், உருகிவிடும்.
அறிவிப்புப் பலகைக்குக் கீழே சரியாக இருக்கும்.
காசு என்னுடையது.
ரசீதில் மிட்டாய் என்றே இருக்கட்டும்.