நாற்பது நிமிடத் தூரம்

புதுப்பிப்பு இறங்கிய இரவில் துவோரோய்ரியில் ஆலங்கட்டி மழை.
படகு ரத்து. எஞ்சின் அறையில் எனக்கு வேலையில்லை.
பதினோரு ஜிகாபைட்டும் தகரக் கூரையும்
போட்டி போட்டுக்கொண்டு இரைந்தன.

அதுவரை நான்கு வருடம்
இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்:
புது மண்டலத்துக்குள் நுழைந்து ஊதலை அழுத்தினால்
வரைபடத்தில் சில கறுப்புப் புள்ளிகள்.
எது கோள், எது வெறும் பாறை என்று அறிய
ஒவ்வொன்றின் வாசல்வரை போயாக வேண்டும்.
கடைசிப் புள்ளிக்கு நாற்பது நிமிடம்.
ஒரு கையில் திசைக்கோல்,
இன்னொன்றில் ருபார்ப் ஜாம் தடவிய ரொட்டி.
என் கப்பல் பெயர் லுண்டி,
எங்கள் பாறைகளில் கூடு வைக்கும் குண்டுப் பறவை.
அதுவும் பறக்கும்போது
இப்போது விழுந்துவிடும் போலத்தான் இருக்கும்.

பின்னணி விண்மீன்களில் ஒன்று மட்டும்
இம்மி நகர்ந்தால்
அது விண்மீன் அல்ல.
அந்த இம்மியைப் பிடிக்க என் கண்ணுக்கு
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இப்போது ஒரு குமிழ் தந்திருக்கிறார்கள்.
வானொலி நிலையம் தேடுவதுபோல் திருப்பினால் போதும்,
வளையமும் நிலவும் கடலுமாய்
பட்டாணி உரித்தாற்போல் உதிர்கின்றன.
ஆறு நிமிடம். இருபத்து மூன்று கோள்கள்.
இருந்த இடத்தைவிட்டு லுண்டி அசையவில்லை.
இருபத்து மூன்றிலும் முதலில் கண்டவன் என்று
என் பெயர்.

கண்டு, பிடிப்பதுதானே கண்டுபிடிப்பு.
இனிக் காணாமலே பிடிக்கலாம்.

பழைய ஆட்கள் ஒரு வாயுக் கோளைச் சுற்றிக் கூடினோம்.
முந்நூற்றுப் பத்துக் கப்பல்.
எதிர்ப்பைக் காட்ட எல்லோரும் விளக்கணைத்தோம்.
இருட்டில் இருட்டாய் நின்றதை
யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் ரான்வாவின் செய்தி:
‘எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. வளையம் இருக்கிறது!’

மீன் ஆலையில் இரவுப் பணி அவளுக்கு.
வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்.
விளையாட்டுக்கு வாய்ப்பது இருபது நிமிடம்,
அதில் பன்னிரண்டாவதில் தூங்கிவிடுவாள்.
இரண்டு முறை அவள் கப்பல் தூக்கத்திலேயே
சூரியனுக்குள் போய் விழுந்தது.
நான்கு வருடத்தில் அவள் பெயரில் ஒரு கல்கூட இல்லை.
நான் சிரித்திருக்கிறேன். எழுதியும் கேலி செய்திருக்கிறேன்.

அவளுக்கு என்ன பதில் அனுப்ப?
விளக்கணைத்து நிற்கிறேன் என்றா?

பதிலுக்குப் பதிலாகப் புறப்பட்டேன்.
மூன்று இரவு, நூற்றுநாற்பது தாவல்.
கடைசித் தூரத்தில் குமிழைத் தொடாமல்
பழைய வழியிலேயே போனேன்.
வீம்புதான், வேறென்ன.
கடுகாய் இருந்தது, மிளகானது,
நெல்லிக்காயானது. பிறகு திடீரென்று
கண்ணாடி முழுக்க அதுவே.
வளையத்தின் நிழல் கோளின் வயிற்றில்
பெல்ட் கழற்றிய தழும்புபோல் கிடந்தது.
அதன் மேல் அவள் பெயர்.

அவள் இன்னும் அதை அருகில் பார்க்கவில்லை.
நேரமில்லை.
நிழலைப் பற்றி எழுதி அனுப்பினேன், தழும்பை விட்டுவிட்டு.
விடிகாலை இடைவேளையில் பதில் வந்தது:
‘என்ன நிறம்?’

அதை எழுத மறந்திருந்தேன்.
திரையை மறுபடி பார்த்தேன்.
பழுப்பு என்றால் பொய், பொன் என்றால் மிகை.
‘நீயே வந்து பார்’ என்று எழுதி, அழித்து,
‘காய்ச்சிய பால், ஆடை படிந்தது’ என்றேன்.

திரும்பும் வழியில் ஏதோ ஒரு மண்டலத்தில்
குமிழைத் திருப்பினேன். ஒரே முறை.
ஒன்றுமில்லை என்று
இரண்டு நொடியில் சொல்லிவிட்டது.
முன்பானால் அதை நம்ப
ஓர் இரவு முழுக்க ஆகியிருக்கும்.

காலை ஆறே முக்காலுக்குப் படகு.
கையில் இன்னும் ஜாம் பிசுக்கு.